குதிரை தாங்கித் தாங்கி நடக்குது, காரணம் பிடிபடலை

தாராபுரத்துக்காரன்

வணக்கமுங்க. மார்வாரிப் பெட்டைக் குதிரை, 6 வயசு, எடை 400 கிலோ பக்கம். சவாரிக்கு மட்டும்தான், வண்டி கட்டுவதில்லை. ஒன்றரை மாசமா இடது முன்னங்காலைத் தாங்குது. வீக்கமில்லை, காயமில்லை, தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை. நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, ஓட விட்டால் தலை ஆடுது. மெலாக்சிகாம் வலி ஊசி போட்டால் சில நாள் சுத்தமாகச் சரியாகிடும், அப்புறம் பழைய கதைதான். கணு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தத்தில் கால்சியம் 12 மில்லிகிராம், அதுவும் நார்மலாம்.

லாடம் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது. லாடக்காரர் ஆணியில் தப்பில்லை என்கிறார். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. தோள்பட்டை நரம்பு பிசகிடுச்சு, சூடு போட்டால் நிமிர்ந்திடும் என்பதுதான் அதிகம். அதுக்கு மனசு வரலை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

லாடப்பட்டறை

சூடு வேண்டவே வேண்டாம் தம்பி. புதுப் புண்ணோட வலியில் பழைய வலி மறைஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தோள்பட்டையையும் இப்போதைக்கு மறந்துடுங்க. முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்புக்குள்தான் இருக்கும். வீக்கம் தெரியாததே அதற்கு ஒரு காரணம். குளம்புச் சுவர் விரிந்து கொடுக்காது, உள்ளே சீழ் கட்டினாலும் வெளியே வீங்க இடமில்லை.

முதல் காரியம், ஊசியை நிறுத்துங்க. அஞ்சு நாளாவது மருந்தில்லாமல் இருக்கட்டும். வலி இருந்தால்தான் இடம் தெரியும்.

அப்புறம் நாடி. கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதன் ஓரத்தில் விரல் நுனியை லேசாக வையுங்க, அழுத்தினால் நாடி அடங்கிடும். நல்ல காலில் நாடி இருக்கா இல்லையா என்று சந்தேகமே வரும். குளம்புக்குள் கோளாறு இருந்தால் விரலைத் தட்டும். நாலு காலையும் பார்த்து ஒப்பிட்டால்தான் அர்த்தம். குளம்பின் சூட்டை விடியற்காலையில் பாருங்க. மதியம் வெயிலில் நின்ற குளம்பு எல்லாமே சுடும்.

இனி ஆணி. லாடக்காரர் சொல்வது பொய்யாக இருக்கணும் என்பதில்லை. ஆணி உயிர்ச்சதையைக் குத்தினால் அடிக்கும்போதே குதிரை காலைப் பிடுங்கும், ரத்தம் கசியும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் குத்தாமல், சதையை ஒட்டினாற்போல் போன ஆணி வேற ரகம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நடக்க நடக்க உள்ளே அழுத்தி, சில நாள் கழித்துத்தான் நொண்டல் வரும். இதைக் கண்டுபிடிக்க:

சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஆணித் தலையையும் லேசாகத் தட்டுங்க. நல்ல காலில் முதலில் தட்டிப் பழக்கிவிட்டு, பிறகு சந்தேகக் காலுக்கு வாங்க. இல்லையென்றால் கூச்சத்தில் இழுப்பதும் வலியில் இழுப்பதும் ஒன்று போலத் தெரியும். ஒரே ஆணியில் மூன்று தடவையும் சுண்டினால் அதுதான். அடுத்து, சுவரில் மடித்த ஆணி முனைகளை அரத்தால் தேய்த்து நேராக்கிவிட்டு, ஆணியை ஒவ்வொன்றாக உருவணும். லாடத்தை மொத்தமாக நெம்பி எடுத்தால் எந்த ஆணி என்று தெரியாமலே போய்விடும். உருவிய ஆணி ஈரமாகவோ, கறுத்தோ, நாற்றம் அடித்தோ இருந்தால் அந்தத் துளையில் சீழ். எல்லா ஆணியும் காய்ந்து சுத்தமாக இருந்தால் அடிப்பாகத்தைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, சுவரும் அடிப்பாகமும் சேருகிற வெள்ளைக் கோட்டைச் சுற்றிலும் பாருங்க. கறுப்புப் புள்ளி ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அதைத் தொடரணும். ஹூஃப் டெஸ்டர் இடுக்கி இருந்தால் இரண்டு விரல் இடைவெளியில் சுற்றிலும் அழுத்திப் பார்க்கணும், அடியில் நடுவே இருக்கிற முக்கோண மெத்தை, அதாவது ஃபிராக் பக்கமும் விடக்கூடாது.

சீழ் கிடைத்தால் சுண்டு விரல் நுனி அளவு துளை போதும். பெரிசாகத் தோண்டினால் உள்ளிருக்கும் சதை பிதுங்கி வரும், அதை ஆற்ற மாசக் கணக்காகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஐந்து லிட்டர், எப்சம் உப்பு இரண்டு கைப்பிடி, காலை மாலை இருபது நிமிஷம் குளம்பை ஊற வையுங்க. மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், குளம்பு ஊறிப்போய்ப் பிசுபிசுத்துடும். பிறகு போவிடோன் அயோடின் பஞ்சு, மேலே குழந்தை டயாப்பர், அதன் மேல் ஒட்டுநாடா. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கா என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்க. வீட்டு விலங்குகளில் குதிரை அளவுக்கு டெட்டனஸில் மாட்டுவது வேறெதுவும் இல்லை.

இன்னொன்று. நம்ம பக்கம் காளைக்கு லாடம் அடிப்பவரே குதிரைக்கும் அடிக்கிறார். காளைக் குளம்பு இரண்டு பிளவு, தட்டையாகச் சீவினால் முடிந்தது. குதிரைக்கு அப்படிச் சீவினால் குதிகால் தாழ்ந்து, முன் நுனி நீண்டுவிடும். பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்க. கணுவிலிருந்து இறங்குகிற கோடும் குளம்பின் முன்சுவரும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். நடுவில் உடைந்து பின்னால் மடிந்தால் குளம்பின் பின்பாதி முழுவதும் இழுபடும்.

ரேக்ளா ரசிகன்

எந்தக் கால் என்பதையே முதலில் உறுதி செய்யுங்கண்ணா. மார்வாரி என்றால் ரேவால் நடை பழக்கியிருப்பாங்க. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகிற நடையில் தலையாட்டம் சரியாகப் பிடிபடாது. கயிற்றைத் தளர்த்திப் பிடிச்சு, மேலே ஆள் இல்லாமல், டிராட்டில் (குறுக்கு ஜோடிக் கால்கள் சேர்ந்து படுகிற ஓட்டம்) ஓடவிட்டு வீடியோ எடுங்க. கயிறு இறுக்கமாக இருந்தால் தலை ஆடவே ஆடாது, பிடிப்பவர் கைதான் ஆடும்.

கெட்ட முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல காலில் இறங்கும். இதில் ஒரு ஏமாற்றும் இருக்கு. டிராட்டில் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒன்றாகத் தரையில் படும். இடது பின்னங்கால் வலித்தால் அதன் பாரத்தைக் குறைக்கத் தலையை முன்னால் தாழ்த்தும். பார்க்கிறவருக்கு வலது முன்னங்காலில் தலை இறங்குது, அப்போ இடது முன்னங்கால்தான் கெட்டது என்று தோணும். அதனால் பின்னாலிருந்தும் ஒரு வீடியோ, இடுப்பின் இரு பக்க ஏற்ற இறக்கம் தெரிகிற மாதிரி.

கெட்டித் தரையில் சின்ன வட்டத்தில் ஓடும்போது, வட்டத்தின் உள்பக்கம் இருக்கையில் கால் அதிகம் தாங்கினால் பெரும்பாலும் குளம்பு. மணலில் மோசமானால் தசைநார் பக்கம் யோசிக்கலாம்.

தாராபுரத்துக்காரன்

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. லாடத்தை ஆணி ஆணியாக எடுத்துப் பார்த்தாச்சு. எல்லா ஆணியும் காய்ந்துதான் இருந்தது, கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை, இடுக்கிக்கும் அசையலை. நாடி நாலு காலிலும் ஒரே மாதிரி. குதிகால் கொஞ்சம் தாழ்வுதான், அதைச் சரி செய்யச் சொல்லியிருக்கேன்.

வீடியோவில்தான் குழப்பம். ஊசி நிறுத்தி முதலில் எடுத்ததில் இடது முன்னங்கால். அடுத்த வாரம் எடுத்ததில் வலது பின்னங்கால் தெளிவாகத் தெரியுது, முன்னங்கால் கிட்டத்தட்ட நல்லா இருக்கு. காலையில் கொட்டகையை விட்டு வரும்போது நாலு காலும் கட்டை மாதிரி விறைப்பு. ஒரு கால் நொண்டல் எப்படி இன்னொரு காலுக்குப் போகும்?

கால்நடை மருத்துவர், நாமக்கல்

இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். நொண்டல் ஒரே காலில் நிலைத்திருந்தால் அது காலின் நோய். காலுக்குக் கால் மாறினால் உடம்பின் நோய். இனி நரம்பு மரப்பு ஊசி போட்டு இடம் தேடுவதில் பெரிய பயன் இருக்காது. சாதாரணமாக அதுதான் சரியான வழி. கீழிருந்து மேலாக, குளம்புக்குச் சற்று மேலே இருபுறமும் 2 மில்லி மரப்பு மருந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துப் பேனா முனையால் அழுத்தி உணர்ச்சி போனதா என்று பார்த்து, மறுபடி ஓடவிட வேண்டும். ஆனால் பல கால்களில் வலி இருக்கும்போது ஒன்றை மரக்கச் செய்தால் அடுத்தது கிளம்பும். எலும்பில் விரிசல் என்று சந்தேகம் இருந்தால் மரப்பு ஊசியே கூடாது. வலி தெரியாமல் முழுப் பாரத்தையும் வைத்து எலும்பை முறித்துக்கொள்ளும்.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. கணு மூட்டுக்கு எடுத்த படத்தில் குளம்பெலும்பு முழுதாக வந்திருக்காது. தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. புதிய மயிரிழை விரிசல் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கண்ணுக்குப் படும். எலும்பில் மூன்றில் ஒரு பங்கு தாது குறைந்த பிறகுதான் படத்தில் வெளிறல் தெரியும். ஆகவே ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதை வைத்து எதையும் விலக்கிவிட வேண்டாம்.

இப்போது இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். என்ன தீவனம், எத்தனை கிலோ, எந்தப் புல்? மெல்லும்போது உருண்டை உருண்டையாகக் கீழே துப்புகிறதா? கண்ணுக்குக் கீழே மூக்கின் இருபுறமும் எலும்பு தடித்திருக்கிறதா? கீழ்த்தாடையின் அடி விளிம்பைத் தடவுங்கள். மெல்லியதாக இருக்க வேண்டும், கம்பு போல உருண்டிருக்கக் கூடாது. காய்ச்சல் வந்து வந்து போனதா, கால்களில் நீர் கோத்ததா? அப்படியிருந்தால் ரத்தப் பூச்சில் சுர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய்க்குப் பார்க்க வேண்டும்.

தாராபுரத்துக்காரன்

காய்ச்சல், நீர் கோத்தது எதுவும் இல்லைங்க டாக்டர். கோதுமைத் தவிடு இரண்டரைக் கிலோ, ஊறவைத்த கொள்ளு ஒன்றரைக் கிலோ. சிஓ-4 புல் வெட்டிப் போடறோம், ஒரு நாளைக்கு 25 கிலோ இருக்கும். சாயங்காலம் கொரங்காட்டில் மேயும், அங்கே முழுக்கக் கொழுக்கட்டைப்புல்தான். வேறெதுவும் கொடுப்பதில்லை. தாடை விளிம்பு கொஞ்சம் தடிப்பா இருக்கிற மாதிரிதான் தெரியுது, ஒப்பிட வேறு குதிரை பக்கத்தில் இல்லை. கொள்ளைத் துப்பறது உண்மை, பல்லில் ஏதோ என்று விட்டுட்டோம்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

சந்தேகம் இப்போது தீவனத் தொட்டி மேல்தான். தீவனத்தில் கால்சியம் பற்றாமல் எலும்பு கரையும் நோயாக இருக்கலாம். கணக்கைப் பாருங்கள்.

400 கிலோ குதிரைக்கு, வேலை இல்லாத நாளில், சுமார் 16 கிராம் கால்சியமும் 11 கிராம் பாஸ்பரஸும் போதும். இரண்டரைக் கிலோ கோதுமைத் தவிட்டில் மட்டும் பாஸ்பரஸ் 25 கிராமுக்கு மேல், கால்சியம் 3 கிராம்தான். கொள்ளில் இரண்டும் ஏறக்குறைய சமம், அதனால் அது இந்தக் கணக்கைக் கெடுப்பதும் இல்லை, காப்பாற்றுவதும் இல்லை. காப்பாற்ற வேண்டியது புல். 25 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் ஐந்து கிலோ, அதில் 20 கிராம் கால்சியம் இருக்கலாம். ஆனால் சிஓ-4 போன்ற கம்பு நேப்பியர் வகைப் புல்லில் காய்ந்த எடையில் 2 முதல் 3 சதவீதம் ஆக்சலேட் உண்டு. 100 கிராமுக்கு மேல் ஆக்சலேட். 88 கிராம் ஆக்சலேட் 40 கிராம் கால்சியத்தைக் கட்டிப் போடும். புல்லில் இருக்கும் கால்சியம் அவ்வளவும் கரையாத உப்பாகிச் சாணத்தோடு போய்விடுகிறது.

கொழுக்கட்டைப்புல்லும் அதே ரகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்தப் புல்லில் மேய்ந்த குதிரைகளுக்கு இதே நோய் வருவது நன்கு தெரிந்த விஷயம்.

கால்சியம் உள்ளே வராதபோது பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் ரத்தத்தில் 12 என்று அழகாக நிற்கிறது. அந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவதுதான் இந்த நோயில் வழக்கம். எலும்பு கரையும்போது மூட்டின் அடியில் நுண்விரிசல் விழும், தசைநார் எலும்பில் பிடித்திருக்கும் இடம் தளரும். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று வலி மாறுவது அதனால்தான். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு முதலில் கரையும் இடங்களில் ஒன்று. கொள்ளைத் துப்புவது அங்கிருந்து வரலாம். முகம் பெருப்பது கடைசிக் கட்டம், அது வந்த பிறகு முழுதாக வற்றாது.

உறுதி செய்ய, ஒரே வேளையில் ரத்தமும் சிறுநீரும் எடுத்து இரண்டிலும் கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் வெளியேறும் பாஸ்பரஸின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கு பொருந்துகிறது. மருத்துவர் பல்லையும் பார்க்கட்டும், கடைவாய்ப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு எக்ஸ்ரே எடுக்க முடிந்தால் நல்லது. முடிவு வரும்வரை சவாரி கூடாது. இந்த எலும்பு தடுக்கி விழுந்தாலே முறியலாம்.

வலி மருந்து அவசியமானால் மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், உங்கள் குதிரைக்கு 240, ஒரு நாளைக்கு ஒரு முறை, மருத்துவர் சொல்லும் நாட்கள் மட்டும். வலி அடங்கியதும் குதிரை துள்ளும், அதுவே ஆபத்து. டைக்ளோஃபினாக் யாராவது எழுதினால் வாங்காதீர்கள். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை.

கொங்கு பண்ணை

டாக்டர், ஒரு சந்தேகம். எங்க மாடுக எல்லாம் வருஷம் முழுக்க அதே சிஓ-4தான் தின்னுது, அதே கொரங்காட்டுலதான் மேயுது. காங்கேயம் மாட்டுக்கு அந்தப் புல்தானே தலைமுறை தலைமுறையா தீவனம். ஒண்ணும் ஆகலையே?

கால்நடை மருத்துவர், நாமக்கல்

மாட்டுக்கு முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். படிப்படியாகப் பழகிய மாடு நிறையவே தாங்கும். குதிரைக்கு அசை போடும் வயிறு இல்லை. கால்சியத்தை உறிஞ்சுவது சிறுகுடலில், நுண்ணுயிரிகள் இருப்பது அதற்கும் பின்னால் பெருங்குடலில். அங்கே ஆக்சலேட் சிதைந்தாலும் உறிஞ்சும் இடம் தாண்டிப்போச்சு. குதிரையை மாட்டுத் தீவனத்தில் வளர்க்கும் பண்ணைகளில் இதனால்தான் மாடு கொழுக்கும், குதிரை தாங்கும்.

தாராபுரத்துக்காரன்

ஆஸ்பத்திரியில் சாம்பிள் கொடுத்தாச்சுங்க டாக்டர். அதுவரை தீவனத்தை எப்படி மாற்றுவது? சிஓ-4-ஐ ஒரேயடியாக நிறுத்த முடியாது, தோட்டமே அதுதான்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும், அது நொண்டலைவிட மோசம். பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தவிட்டைக் குறையுங்கள். நாளுக்கு கால் கிலோ வீதம் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். அரிசித் தவிடும் மாற்று அல்ல, அதிலும் பாஸ்பரஸ் ஏராளம். பச்சைக்குக் குதிரைமசால் ஒரு கிலோவில் தொடங்கி ஐந்து கிலோ வரை. அதில் மட்டும் 13 கிராம் கால்சியம் கிடைக்கும். குதிரைமசால் கிடைக்காத இடத்தில் காய்ந்த நிலக்கடலைக் கொடி நல்லது. பூஞ்சை பிடித்த கொடியை மட்டும் தொடாதீர்கள். உதறும்போது தூசி பறந்தால் மாட்டுக்கும் வேண்டாம். அருகம்புல் எவ்வளவு கிடைத்தாலும் போடலாம். சோளத்தட்டு நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், பச்சையாக வேண்டாம்.

சிஓ-4 மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். யூரியா போட்டு, மழை பெய்து, கிடுகிடுவென்று வளர்ந்த இளம்புல்லில்தான் ஆக்சலேட் அதிகம். குதிரைக்கு என்று தனியாக முற்றவிட்டு வெட்டுங்கள், இளசை மாட்டுக்குப் போடுங்கள். கொரங்காட்டில் மழைக்குப் பின் துளிர்க்கும் நாட்களில் குதிரையை விடாமல் இருப்பது உத்தமம்.

இவற்றோடு கால்சியம் கார்பனேட் தூள். அதில் 38 சதவீதம் கால்சியம். நாளுக்கு 100 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்து, நனைத்த கொள்ளில் வெல்லப்பாகோடு கலந்து கொடுங்கள். ருசி பிடிக்காது. 20 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றினால் தின்னும். பரிசோதனை முடிவு வந்ததும் உங்கள் மருத்துவர் அளவைத் திருத்துவார்.

விறைப்பு சில வாரத்தில் குறையத் தொடங்கும். எலும்பு கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். நொண்டல் நின்றவுடன் சேணம் போட்டுவிடாதீர்கள்.

லாடப்பட்டறை

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. இந்த மாதிரிக் குதிரைக்குக் குளம்புச் சுவரும் பொடிப்பொடியாக உதிரும், ஆணி நிற்காது. இப்போதைக்கு லாடமே வேண்டாம். ஓரத்தை உருட்டிவிட்டு, அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் அரத்தால் எடுத்துவிட்டால் குதிகால் தானாக நிமிரும். கொட்டகையில் கருங்கல் தளம் இருந்தால் மேலே அரையடி மணல் கொட்டுங்க.

தாராபுரத்துக்காரன்

சரிங்கண்ணா. கால்சியம் தூளுக்குத் தாராபுரம் கடையில் கேட்டால் சுண்ணாம்புதானே என்று மூட்டையைக் காட்டுறாங்க. அதேதானா?

கால்நடை மருத்துவர், நாமக்கல்

இல்லை, வாங்காதீர்கள். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு சுட்டது, நீர் பட்டாலே கொதிக்கும், வாயும் உணவுக்குழாயும் வெந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பும் ஆகாது. சுடாத சுண்ணாம்புக்கல்லை அரைத்த மாவுதான் வேண்டும், கோழித் தீவனக் கடையில் அதே பெயரில் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், சூடாகக் கூடாது. இன்னொரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள், நுரைத்துப் பொங்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு நுரைக்காது.